கரண்ட் போன நேரத்து வானம்

ஜனவரி 17

மலைக்கு வந்து சேர்ந்தேன். பொங்கல் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் வலிக்கிறது. மூன்று இரவுகளுக்குத் தொலைநோக்கி எனக்கே எனக்கு என்பதால் முழங்காலைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை.

நாற்பத்து மூன்று வயதில் ஆராய்ச்சி மாணவன் என்றால் கல்லூரியில் சிரிக்கிறார்கள். பகலில் பி.எஸ்சி. வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்திவிட்டு, மீதி நேரத்தில் விண்வெளியின் வாயு மேகங்களைப் படிப்பது ஆறு வருடமாக நடக்கிறது. மார்ச் 31ஆம் தேதியோடு என் பதிவு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு வருடமும் போச்சு. கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் விஷயம் இல்லை.

அந்த விஷயம் என் பட்டியலில் பதினேழாவதாக இருக்கும் மேகம். பால்வீதியின் வெளி விளிம்பில், உள்ளே ஒரு சூடான நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு தானும் ஒளிர்கிறது. அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று இதுவரை யாரும் அளந்ததில்லை. நான் அளக்கப் போகிறேன்.

என் மனைவி புனிதவதி வழியனுப்பும்போது குரங்குக் குல்லாவை மறக்காமல் எடுத்து வைத்தாள். வைத்த இடத்தை நான் மறந்துவிட்டேன்.

ஜனவரி 18

நேற்றும் மேகம். இன்றும் மேகம். எனக்கு வேண்டியது இந்த மேகம் இல்லை.

ஜனவரி 19 (எழுதுவது 20 விடியற்காலை)

கிடைத்துவிட்டது. எழுத்து கோணுகிறது, குளிர் பாதி, சந்தோஷம் பாதி.

சாயங்காலம் ஆறரைக்கு வானம் துடைத்துவிட்டது போலத் திறந்தது. தொலைநோக்கி இயக்குபவரான தாமோதரன் இரண்டு நாள் சும்மா இருந்த கடுப்பில் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். ஏழரை முதல் ஒன்பது நாற்பது வரை பதினேழை இரண்டு படம் எடுத்தோம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். திரையில் நிறமாலை வந்தபோது ஆக்சிஜனின் இரண்டு பச்சைக் கோடுகளும் கம்பம் நட்டது போல நின்றன. நான் தாமோதரனின் தோளைத் தட்டினேன். அவர் டீயைச் சிந்திக்கொண்டார்.

அடுத்து வெற்று வானம் எடுக்க வேண்டும். மேகம் பெரியது, கருவியில் ஒளி நுழையும் பிளவை முழுக்க அடைத்துக்கொள்கிறது. அதனால் கொஞ்சம் தள்ளி, எதுவும் இல்லாத இடத்தைத் தனியாகப் படமெடுத்து, வானத்தின் சொந்த வெளிச்சத்தைக் கழிப்பதுதான் வழக்கம். சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது.

"போச்சுடா சார்," என்றார் தாமோதரன்.

போகவில்லை. ஜெனரேட்டர் ஓடியது, கருவி எழுந்தது. வெளியே வந்து பார்த்தேன். கீழே மேலத்தாங்கல் கிராமம் இருக்கும் இடமே தெரியவில்லை. ஏழெட்டு வருடம் முன்பு பஞ்சாயத்தில் போட்ட எட்டு மெர்க்குரி விளக்குகளும் அணைந்து கிடந்தன. அப்படி ஒரு கறுப்பு வானத்தை இந்த மலையில் நான் பார்த்ததே இல்லை. "தாமு, இதான் நேரம், இப்பவே வெத்து வானத்த எடுத்துடலாம்," என்றேன். நாற்பது நிமிடம் எடுத்தோம். சுத்தமான, அப்பழுக்கில்லாத வானம். கரண்ட் திரும்பி வந்தபோது மழை மேகமும் கூடவே வந்துவிட்டது. இனி எதற்கு வேண்டும்? வேலை முடிந்தது.

எனக்கு அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அது மொத்தமாக வந்திருக்கிறது.

ஜனவரி 20

தூங்கினேன். குல்லா பையின் அடியில் இருந்தது.

ஜனவரி 24

ஞாயிறு. கல்லூரி கணினி அறையின் சாவியை வாங்கிக்கொண்டு காலை எட்டு முதல் உட்கார்ந்தேன். மேகத்தின் படத்திலிருந்து வெற்று வானத்தைக் கழிப்பது, அரிசியைப் பாத்திரத்தோடு நிறுத்துவிட்டு வெறும் பாத்திரத்தின் எடையைக் கழிப்பது மாதிரிதான், புனிதாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். கழித்தேன். ஊதாப் பக்கம், 4363 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் நான் ஆறு வருடமாகத் தேடிய ஆக்சிஜனின் மெல்லிய கோடு இருந்தது. மெல்லியதாக இல்லை. நன்றாகவே தடித்து இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து அறையை இரண்டு சுற்று சுற்றினேன்.

இடது ஓரத்தில், 4047 அருகே ஒரு சின்ன மேடு இருக்கிறது. கருவியின் திறன் குறையும் ஓரம் அது, இரைச்சலாக இருக்கும். படம் அழகாக வருவதற்காக 4200க்குக் கீழே வெட்டிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேனாம். புனிதா டப்பாவில் போட்டுக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டாள். நல்ல கத்தரிக்காய்.

ஜனவரி 26

விடுமுறை. கணக்குப் போட்டேன். மூன்று முறை போட்டேன்.

மேகத்தின் வெப்பநிலை பதினைந்தாயிரம் டிகிரி. ஆக்சிஜன், சூரியனில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு. பால்வீதிக்குள் இவ்வளவு குறைவான மேகம் எனக்குத் தெரிந்து எந்தப் பட்டியலிலும் இல்லை. பத்தில் ஒன்று. திரும்ப எழுதிப் பார்க்கிறேன், பத்தில் ஒன்று.

சமையலறைக்குப் போய்ப் புனிதாவிடம் சொன்னேன். "கோடு பிரகாசமா இருந்தா ஆக்சிஜன் நெறைய இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள். அவள் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வசதியாகப் போயிற்று. ரசம் தளதளவென்று கொதிக்கும்போது கிள்ளு பெருங்காயம் தெருக்கோடிவரை மணக்கும், ஆறிப்போனால் கட்டியாகப் போட்டாலும் தெரியாது. வாசனையை வைத்துப் பெருங்காயத்தை எடை போட வேண்டுமானால் முதலில் சூடு தெரிய வேண்டும். அந்த ஊதாக் கோடுதான் சூட்டைச் சொல்கிறது, என் மேகம் கொதிக்கிறது, ஆகவே கொஞ்சம் ஆக்சிஜனே இவ்வளவு ஒளிர்கிறது என்று விளக்கினேன். அவளுக்குப் புரிந்தது. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்துகொண்டு வானியலைப் புரிந்துகொள்வது பெரிய விஷயம் என்று பாராட்டினேன். அவள் ரசத்தை இறக்கினாள்.

ஜனவரி 28

சென்னையிலிருந்து என் வழிகாட்டி ஜெயசீலன் போன் செய்தார். என்னைவிட மூன்று வயது சின்னவர், ஆனால் பேராசிரியர், என்னை மாசி என்றுதான் கூப்பிடுவார். "மாசி, நீ அடிச்ச சிக்ஸர் எந்த ஊர்ல போய் விழுந்துச்சுன்னு தெரியுமா?" என்றார். புனேயில் பிப்ரவரி 25 வானியலாளர் கூட்டத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம் வாங்கிவிட்டார். என் ஆய்வேட்டைப் பரிசோதிக்கப் போகும் பேராசிரியர் கோகலேயும் அங்கே இருப்பாராம். என் உரையின் சுருக்கம் அச்சுக்குப் போய்விட்டது. "மிகக் குறைந்த ஆக்சிஜன் கொண்ட மேகம்" என்று தலைப்பு.

துறையில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தேன். வேதியியல் துறைக்கும் கொடுத்தேன். அவர்களுக்குத்தான் முக்கியமாகக் கொடுத்தேன்.

பிப்ரவரி 6

காஸ் பதிய வேண்டும், மறந்துவிட்டேன். இன்டர்னல் விடைத்தாள்கள் அறுபத்திரண்டு. திருத்தியது ஒன்பது.

கூட்டத்தில் விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டும் கண்ணாடித் தாள்களைப் புனிதா எழுதித் தருகிறாள். என் கையெழுத்தை என் மாணவர்களே படிப்பதில்லை. அவள் எழுத்து அச்சுப் போல இருக்கும். அவளும் ஆபீசிலிருந்து ஏழரைக்குத்தான் வந்தாள். அந்தியூர்ப் பக்கம் ஏதோ மரம் விழுந்ததாம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நான்கு தாள் முடித்தாள். அவளுக்கும் இதில் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 7

இதை எழுதவே பிடிக்கவில்லை.

ஐந்தாவது தாள், படங்கள் எடுத்த நேரங்களின் அட்டவணை. புனிதா பேனாவை நிறுத்தினாள்.

"ஏங்க, பத்தொம்பதாம் தேதி ராத்திரியா இது?"

"ஆமா."

"அன்னிக்கு மேலத்தாங்கலுக்குப் போற எங்க ஃபீடர் லைன் ட்ரிப் ஆயிடுச்சு. நான்தான் லைன்மேன அனுப்புனேன். ஒம்பது நாப்பத்திரண்டுலருந்து பதினொண்ணு ஆறு வரைக்கும் கரண்ட் இல்ல."

தெரியுமே என்றேன். அதுதான் என் அதிர்ஷ்டம், அந்த இருட்டில்தான் வெற்று வானத்தை எடுத்தேன் என்று ஒரு முறை முழுக்கச் சொன்னேன்.

"அப்ப மேகத்த எடுத்தப்ப வெளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"வெத்து வானத்த எடுத்தப்ப எரியல."

"அதான் சொல்றேன், சுத்தமான வானம்."

அவள் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அரிசிய நிறுத்த பாத்திரம் ஒண்ணு, கழிச்ச பாத்திரம் வேற ஒண்ணா?"

இருட்டாக இருந்தால் நல்லது என்பது வானியலில் அரிச்சுவடி, அதைப் போய் மின்வாரியத்தில் இருப்பவர்களுக்கு விளக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 8

பேசவில்லை. நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. உப்புமாவில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 9

கல்லூரி நூலகத்தில் தனிமங்களின் கோடுகள் அடங்கிய புத்தகம் இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று காலை முழுவதும் இருந்தேன். மூன்றாவது பீரியட் முடிந்ததும் எடுத்தேன்.

பாதரசம், அதாவது மெர்க்குரி: 4047. 4358. அதற்கு மேலே படிக்கத் தேவை இருக்கவில்லை.

என் ஆக்சிஜன் கோடு 4363. இரண்டுக்கும் நடுவே ஐந்தே ஆங்ஸ்ட்ராம். என் கருவியால் அந்த இடைவெளியைப் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே தடித்த கோடாகத்தான் விழும். நான் வெட்டியெறிந்த 4047 மேடு இரைச்சல் இல்லை. இரைச்சல் இல்லை என்று அன்றைக்கே தோன்றியதா என்று கேட்டால், தோன்றவில்லை என்றுதான் சொல்வேன்.

மெர்க்குரி விளக்கில் இந்த இரண்டு கோடுகளும் என்ன விகிதத்தில் இருக்கும் என்பது தெரிந்த விஷயம். வெட்டியதைத் திரும்ப ஒட்டி, கணக்குப் போட்டேன். என் கோட்டில் நாலில் மூன்று பங்கு விளக்கு. பால்வீதியின் விளிம்பை அளக்கப் போய், மேலத்தாங்கல் பஞ்சாயத்தை அளந்து வந்திருக்கிறேன்.

மீதி ஒரு பங்கு மேகத்தினுடையதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

வேதியியல் துறைக்குக்கூட ஜாங்கிரி கொடுத்தேனே. அழுகை வந்தது, எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 10

ஜெயசீலனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வைத்தார். பிறகு, "சுருக்கம் அச்சாயிடுச்சு மாசி. எரர் பாரக் கொஞ்சம் பெருசாப் போட்டுக்கோ. பத்துல ஒண்ணு, ஆனா கூடவும் இருக்கலாம்னு சொல்லு. யாரும் கெளற மாட்டாங்க. மார்ச்ல தீசிஸ குடுத்துட்டு நிம்மதியா இரு," என்றார். நல்ல மனுஷர். என் மேல் அக்கறையில்தான் சொன்னார்.

யோசித்ததில் அதுவும் பொய் இல்லை. பிழைக்கான இடைவெளியைப் பெரிதாகப் போட்டால் உண்மை அதற்குள் எங்கேயோ இருக்கும். அப்படியே செய்துவிடலாம் என்று முடிவு. புனிதாவிடம் கடைசித் தாளை மட்டும் எழுதித் தரச் சொன்னேன். பேசியே இரண்டு நாள் ஆகியிருந்தது, இதைத்தான் முதலில் பேசினேன்.

எழுதினாள். தலைப்பு, மேகத்தின் எண், வெப்பநிலை என்று போட்டு ஒரு கோடு, ஆக்சிஜன் என்று போட்டு ஒரு கோடு. இரண்டு கோடுகளிலும் எண் இல்லை.

"நம்பர் விட்டுப்போச்சு," என்றேன்.

"விட்டுப்போகல. அத நீங்களே எழுதிக்கோங்க," என்று பேனாவை மூடி மேஜை மேல் வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பேனாவை எடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 12

பெங்களூர் வானியலாளர் லலிதா பட்டைத் தொலைபேசியில் பிடித்தேன். பதினாறு முதல் இருபது வரை தொலைநோக்கி அவளுடையது. வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் சிரித்தாள், பிறகு "ஐயோ" என்றாள், பிறகு தன் படங்களின் தேதிகளைப் பார்க்க வேண்டும் என்றாள். பதினேழாம் தேதி இரவு ஏழரை முதல் பதினொன்று வரை எனக்குத் தருகிறாள். மூன்றரை மணி நேரம். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு ஓடி வந்து புனிதாவிடம் சொன்னேன். பஞ்சாயத்தில் சொல்லி விளக்குகளை அணைக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு அணைக்கணும்? ரெண்டுலயும் எரிஞ்சா கழிஞ்சிடுமே."

இதுகூட எனக்குத் தோன்றவில்லை. ஆறு வருட ஆராய்ச்சி.

"ஆனா நடுவுல போச்சுன்னா?" என்றேன்.

"அது எங்க வேல," என்றாள்.

பிப்ரவரி 17 (எழுதுவது நள்ளிரவு தாண்டி)

வானியல் தொடங்கிய காலத்திலிருந்து தெருவிளக்கு எரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

முறையை மாற்றினேன். முப்பது நிமிடம் மேகம், முப்பது நிமிடம் வெற்று வானம், மறுபடி மேகம், மறுபடி வானம். ஒவ்வொரு முறை தொலைநோக்கி நகரும்போதும் வெளியே ஓடிப்போய்க் கீழே பார்த்தேன். எட்டும் எரிகிறதா என்று எண்ணினேன். எட்டும் எரிந்தன. லலிதா எனக்குப் பின்னாலேயே வந்து அவளும் எண்ணினாள். தாமோதரன், "இன்னா சார், வெளக்கப் பாக்கவா மலையேறி வந்தீங்க?" என்றார். ஒன்பதே முக்காலுக்குக் காற்று பலமாக அடித்தது. ஒரு முறை எல்லா விளக்கும் மினுக்கியது. என் நெஞ்சும் சேர்ந்து மினுக்கியது. அணையவில்லை.

பத்து ஐம்பதுக்குக் கடைசிப் படம். வானம் திறந்தே இருந்தது, கரண்ட் இருந்தது, எல்லாம் இருந்தது. லலிதா கொண்டுவந்த சக்லி முறுக்கை மூன்று பேரும் தின்று தீர்த்தோம்.

பிப்ரவரி 20

கழித்தேன். 4047இல் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை, தட்டையாக இருக்கிறது. பாதரசம் மொத்தமாகப் போய்விட்டது.

4363க்குப் போகப் பயமாக இருந்தது. அங்கேயும் தட்டையாக இருந்தால் அத்தியாயமே இல்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன்.

இருக்கிறது. சின்னதாக, மெல்லியதாக, அது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. மூன்று ஜோடிப் படத்திலும் அதே இடத்தில். கணினி அறையில் யாரும் இல்லாததால் சத்தமாகச் சிரித்தேன். வெப்பநிலை ஒன்பதாயிரம் டிகிரி. ஆக்சிஜன், சூரியனில் உள்ளதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பட்டியலில் முதலிடமும் இல்லை, கடைசி இடமும் இல்லை. வெளி விளிம்பில் எவ்வளவு இருக்கும் என்று மற்றவர்கள் வரைபடத்தில் போட்ட கோட்டின் மேலேயே போய் உட்காருகிறது. பொய்யான பத்தில் ஒன்றைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை. அது ஏன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தாளில் இரண்டு எண்களையும் நானே எழுதினேன். என் கையெழுத்து கோணலாகத்தான் இருந்தது. புனிதா பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

பிப்ரவரி 21

காய்கறிக் கடையில் துணைமின் நிலைய ஆபரேட்டர் சேட்டு நின்றிருந்தார். "மேடம் அன்னிக்கு ஏழு மணிக்கு வந்தவங்க பதினொண்ணே கால் வரைக்கும் கெளம்பவே இல்ல சார். ஒம்பதே முக்காலுக்கு லோடு ஆட்டம் குடுத்துச்சு, அவங்களே நின்னு லைன வேற பக்கம் மாத்துனாங்க. டூட்டியே இல்ல அவங்களுக்கு. இன்னா விசேஷம் சார் அன்னிக்கு?" என்று கேட்டார்.

என்னிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை. அவரை (காய், மனுஷர் இல்லை) அரை கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். இரவு விடைத்தாள் திருத்தாமல் பாத்திரம் கழுவினேன். காஸும் பதிந்துவிட்டேன்.

பிப்ரவரி 25, புனே

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன், மனசு வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறது.

அரங்கில் நூறு பேர் இருப்பார்கள். ஜெயசீலன் மூன்றாவது வரிசையில், முகம் வெளிறி. முதலில் பழைய நிறமாலையை வைத்தேன். பத்தில் ஒன்று என்றேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கைதட்டு கிடைத்திருக்கும். அடுத்த தாள், மேலத்தாங்கல் ஃபீடரின் அன்றைய பதிவு, புனிதாவின் எழுத்தில்: 9.42 முதல் 11.06 வரை மின்தடை. அதற்குப் பக்கத்தில் என் வெற்று வானத்தின் நேரம். இந்தக் கண்டுபிடிப்பு முழுக்கத் தவறு, நான் அளந்தது தெருவிளக்கு என்று சொன்னேன்.

மூன்றாவது வரிசையில் ஜெயசீலன் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது. புதிய எண்ணை வைத்து, அது எப்படி வந்தது என்று சொல்லி முடித்தேன்.

கோகலே கையைத் தூக்கினார். எழுபது வயது, சிரிக்கவில்லை. கரண்ட் போன நேரம் உங்களுக்கு நிமிடக் கணக்கில் எப்படித் தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் மனைவி அங்கே மின்வாரியப் பொறியாளர். தவற்றைக் கண்டுபிடித்தது அவர்தான். அதற்காக நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை."

இந்த முறை சிரித்தபோது காது சுடவில்லை. கோகலேயும் சிரித்தார். இதை அப்படியே ஆய்வேட்டில் எழுதுங்கள், மார்ச் 31க்குள் என் மேஜைக்கு வர வேண்டும் என்றார். ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் தேநீர் மேஜை காலியாக இருந்தது. கூட்டம் முழுக்க வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில். அதே மலையில் படமெடுத்தவர்கள் எல்லோரும் தங்கள் மாணவர்களைக் கூப்பிட்டு, வெற்று வானம் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எடுத்தது, பார்த்துச் சொல் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். குறைந்த ஆக்சிஜன் என்று போன வருடம் கட்டுரை போட்ட ஹைதராபாத்காரர் வரிசையில் என்னைப் பிடித்து, உங்கள் மனைவியிடம் பழைய பதிவேடுகள் இருக்குமா என்றார். தேதிகளை எழுதிய சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர், ஆளுக்கொரு சீட்டோடு.

என் முறை வந்ததும் புனிதாவைக் கூப்பிட்டேன். ஆபீசில்தான் இருந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், கோகலே சொன்னதைக் கடைசியில் சொன்னேன்.

"புனிதா, இருக்கியா?"

"இருக்கேன்."

"அஞ்சு பேரு உன் லாக் புக்க கேக்கறாங்க."

"அதெல்லாம் சும்மா குடுக்க முடியாதுங்க. எழுத்து மூலமா கேக்கச் சொல்லுங்க, எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியர் வழியா வரணும்," என்றாள். குரல் சரியாக இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, எந்தெந்தத் தேதி? எழுதிக்கறேன், சொல்லுங்க."

ஒவ்வொரு தேதியாகப் படித்தேன். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். பூத்தின் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். கதவைத் திறந்து, அவருடைய தேதியையும் கேட்டுச் சொன்னேன்.